தூண் இருக்கட்டும், சுவர் மாறட்டும்

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானின் ஒசாகா நகரில் வாடகைக்கு வீடு பிடித்தவருக்கு வீட்டுக்காரர் கொடுத்தது கூரை, தூண்கள், சுற்றுச்சுவர் மட்டும்தான். தரையை நிறைக்கும் கனத்த வைக்கோல் பாய்களான ததாமி, அறைகளைப் பிரிக்கும் தள்ளுகதவுகள் முதலியவை குடிவருபவரின் சொத்து. வீடு மாறும் நாளில் அவற்றைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அடுத்த வீட்டில் பொருத்திக்கொள்வார். இந்த வாடகை முறையை 'ஹதாகா காஷி' என்றார்கள். வெற்று வீட்டை வாடகைக்கு விடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டிலிருந்து எடுத்த பாய் இன்னொரு வீட்டு அறையில் இடைவெளி விடாமலும் தூணில் இடிக்காமலும் உட்கார வேண்டுமே! பாய்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் மட்டும் அது நடக்காது. ஊரில் உள்ள எல்லா அறைகளும் அந்தப் பாயின் மடங்காக இருக்க வேண்டும்.

எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தச்சர்கள் ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையம் வரை அளந்தார்கள். ஒரு கட்டம் சுமார் 182 செ.மீ. தூணின் கனம் 12 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு கட்டம் நீளமுள்ள அறையில் தூண்களுக்கு நடுவே பாய்க்குக் கிடைப்பது 170 செ.மீ. இரண்டு கட்டம் நீளமுள்ள அறையில் 352 செ.மீ.; அதில் இரண்டு பாய் போட்டால் ஒவ்வொன்றும் 176 செ.மீ. ஆகவே சின்ன அறைக்குச் செய்த பாய் பெரிய அறையில் 6 செ.மீ. குறையும். பெரிய அறையின் பாய் சின்ன அறைக்குள் நுழையவே நுழையாது. ஒவ்வொரு அறைக்கும் தனியே அளந்துதான் பாய் செய்தாக வேண்டும்.

ஒசாகாவில் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். பாயின் அளவை முதலில் முடிவு செய்தார்கள்: 191 செ.மீ. நீளம், அதில் பாதி அகலம். அறையின் உள்ளளவு அந்தப் பாயின் மடங்கு. தூண்கள் அந்த அளவுக்கு வெளியே நிற்கும். இதனால் தூண்களின் இடைவெளி சீராக வருவதில்லை. ஒரு பாய் அறைக்கு 203 செ.மீ., இரண்டு பாய் அறைக்கு 394 செ.மீ.; இரண்டாவது முதலாவதன் இரட்டிப்பு இல்லை. தச்சருக்கு இது கூடுதல் வேலை. ஆனால் குடியிருப்பவரின் பாயும் கதவும் ஊரில் எந்த வீட்டுக்கும் பொருந்தின. அளவுகோலை எங்கே வைப்பது என்ற அந்த ஒரு முடிவிலேயே, வீடு கட்டுபவரின் வசதிக்கா, குடியிருப்பவரின் வசதிக்கா என்பது தீர்மானமாகிவிட்டது. மாடுலர் வீடுகளைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிடத் தெளிவான பாடம் எதுவும் இல்லை.

இன்று மாடுலர் வீடு என்றதும் நம் மனத்தில் எழுவது வேறு படம். தொழிற்சாலையில் முழு அறையாகவே செய்து முடித்த பெட்டிகள் லாரியில் வந்து இறங்குகின்றன, கிரேன் அவற்றைத் தூக்கி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறது, சில வாரங்களில் கட்டடம் எழுந்துவிடுகிறது. இதில் உண்மையான நன்மைகள் உண்டு. மழை, வெயில் படாத கொட்டகையில் வேலை நடப்பதால் தரத்தைக் கண்காணிக்கலாம். மணலும் சிமெண்டும் வீணாவது குறைவு. அக்கம்பக்கத்தாருக்குத் தூசியும் இரைச்சலும் குறைவு. ஆனால் பெட்டிக்கென்று சில கட்டாயங்களும் உண்டு. சாலையில் போகக்கூடிய அகலத்தைத் தாண்டி அறை அகலமாக முடியாது. தூக்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு பெட்டிக்கும் தரையும் கூரையும் சுவர்களும் தனித்தனியே வலுவாக இருக்க வேண்டும். அடுக்கிய பிறகு பக்கத்துப் பெட்டியின் சுவரும் இதன் சுவரும் ஒட்டி நிற்கும். ஒன்று போதுமான இடத்தில் இரண்டு. வேகமாகக் கட்ட ஏற்றது என்பதாலேயே ஒரு பெட்டி பிற்பாடு மாற்றிக்கொள்ளவும் ஏற்றது என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதன் விலை என்ன என்பதை டோக்கியோவின் கின்சா பகுதியில் அரை நூற்றாண்டு நின்ற ஒரு கட்டடம் காட்டியது.

நகாகின் கேப்ஸ்யூல் கோபுரம் 1972-இல் எழுந்தது. வடிவமைத்தவர் கிஷோ குரோகவா. அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. நகரமும் கட்டடமும் உயிர்கள் போல வளர்ந்து, செல்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று 1960-இல் அறிவித்த 'மெட்டபாலிசம்' குழுவின் இளம் உறுப்பினர் அவர். அந்தக் கொள்கையை இந்தக் கட்டடத்தில் அப்படியே செய்து காட்டினார். 11 மாடியும் 13 மாடியுமாக இரண்டு கான்கிரீட் கோபுரங்கள். லிஃப்டும் படிக்கட்டும் அவற்றுக்குள். சுற்றிலும் 140 பெட்டிகள், ஒவ்வொன்றும் நான்கே போல்ட்டுகளால் கோபுரத்தோடு பிணைக்கப்பட்டவை. பெட்டிக்குள் சுமார் 10 சதுர மீட்டர் இடம். கட்டில், மடக்கு மேசை, தொலைக்காட்சி, சின்னஞ்சிறு குளியலறை, ஒரு பெரிய வட்ட ஜன்னல். கோபுரம் நிலைக்கும், பெட்டிகளை 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டலாம் என்பது திட்டம்.

ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. 1997 வந்தது, போனது. குழாய்கள் துருப்பிடித்தன, கூரை ஒழுகியது, உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. 2010 வாக்கில் வெந்நீரும் நின்றுபோயிற்று. 2022 ஏப்ரலில் இடிக்கத் தொடங்கினார்கள். 23 பெட்டிகளைக் காப்பாற்றிப் புதுப்பித்தார்கள். அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போல்ட்டில் குறை இல்லை. முதல் காரணம், பெட்டிகள் நெருங்கி அடுக்கப்பட்டிருந்தன. அடுக்குப் பானையில் அடிப்பானை வேண்டுமென்றால் மேலே உள்ளவற்றை எல்லாம் இறக்க வேண்டுமல்லவா, அப்படித்தான் இங்கும். ஒரு பெட்டியைக் கழற்ற மேலிருக்கும் பெட்டிகளையும் கழற்ற வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு உரிமையாளர். ஒருவர் விரும்பி, மேல்வீட்டுக்காரர் விரும்பாவிட்டால் வேலை நின்றுபோகும். மூன்றாவது காரணத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குழாய், மின்கம்பி, சுவர், ஜன்னல், கட்டில், குளியலறை என்று வெவ்வேறு ஆயுள் உடைய பொருள்களை எல்லாம் ஒரே பெட்டிக்குள் பூட்டி, எல்லாவற்றுக்கும் 25 ஆண்டு என்று ஒரே ஆயுளை விதித்தார்கள். முதலில் கெட்டது குழாய். குழாயைச் சரிசெய்ய வசதியாகக் கை நுழைய இடமில்லை. எஃகுக் கூடும் அதோடு சேர்ந்து பயனற்றதாயிற்று.

ஒரு கட்டடத்தின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டஃபி இதை அடுக்குகளாகப் பிரித்துச் சொன்னார். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டூவர்ட் பிராண்ட் 1994-இல் வெளியிட்ட நூலில் அதை விரித்தார். தூணும் தளமும் ஆகிய சட்டகம் நூறாண்டும் அதற்கு மேலும் நிற்கக்கூடியது. வெளிச்சுவரும் ஜன்னலும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றம் கேட்கும். குழாயும் வயரும் ஏழு முதல் பதினைந்து ஆண்டுகளில் தேயும். அறைகளின் அமைப்பு, குடும்பம் எப்படி மாறுகிறதோ அப்படி மாறும்: குழந்தை பிறக்கும், தாத்தா பாட்டி வந்து சேர்வார்கள், பிள்ளைகள் வெளியூர் போவார்கள், ஒருவர் சக்கர நாற்காலிக்கு வருவார். விரைவில் மாறுவது ஒன்று, மெதுவாக மாறுவதற்குள் புதைந்து கிடந்தால், அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் மற்றதை உடைக்க வேண்டியிருக்கும். கடைசியில் உடைப்பதைவிட இடிப்பதே மலிவு என்ற கட்டம் வருகிறது.

இதற்கு முன்பே நெதர்லாந்தின் ஜான் ஹாப்ராகன் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியிருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. அந்த வீடுகளில் வசிக்கப் போகிறவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் அவருக்குப் பட்ட குறை. 1961-இல் அவர் எழுதிய நூலின் யோசனை சுருக்கமானது: எல்லோருக்கும் பொதுவான சட்டகத்தைச் சமூகம் கட்டித் தரட்டும், அதற்குள் அறை, சமையலறை, சுவர் எல்லாம் குடியிருப்பவரின் முடிவாக இருக்கட்டும். பின்னர் அவருடைய ஆய்வுக் குழு, 10 செ.மீ., 20 செ.மீ. பட்டைகள் மாறி மாறி வரும் கட்டக் கோடுகளை வகுத்தது. சுவரோ அலமாரியோ எதுவானாலும் அதன் விளிம்பு 10 செ.மீ. பட்டைக்குள் எங்காவது முடிய வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டைக்குள் சிறிது முன்பின் ஆகலாம். இது சோம்பலுக்கான சலுகை கிடையாது. கட்டும் இடத்தில் ஊற்றும் கான்கிரீட் சென்டிமீட்டர் கணக்கில் பிசகும். தொழிற்சாலைப் பலகை மில்லிமீட்டர் கணக்கில் வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அந்தப் பிசகை வாங்கிக்கொள்ள ஓர் இடைவெளி வேண்டும். அதை முன்கூட்டியே ஒதுக்கியதால், அளவு தெரிந்த எவர் செய்த உறுப்பும் பொருந்தும்.

ஒசாகாவுக்கே திரும்புவோம். பாயை எடுத்துக்கொண்டு வீடு மாறிய அதே நகரத்தில், தென்னோஜி வட்டாரத்தில், 1993-இல் 'நெக்ஸ்ட் 21' என்ற குடியிருப்பை ஒசாகா கேஸ் நிறுவனம் கட்டியது. யோஷிசிகா உசிதா தலைமையிலான குழு முதலில் சட்டகத்தை மட்டும் வடிவமைத்தது. அதற்குள் அமைந்த 18 வீடுகளை 13 கட்டடக் கலைஞர்கள் தனித்தனியாக வடிவமைத்தார்கள். ஒன்று போல இன்னொன்று இல்லை. நிறுவனத்தின் ஊழியர்கள் குடும்பத்தோடு அங்கே குடிபுகுந்தார்கள். மொட்டை மாடியிலும் நடைபாதை ஓரங்களிலும் செடிகொடிகள் வளர்க்கப்பட்டன.

இந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்தவை கண்ணுக்குத் தெரியாத பகுதிகள். வெளிச்சுவர்ப் பலகைகளை வீட்டுக்குள்ளிருந்தே கழற்றவும் மாட்டவும் முடியும். வெளியே சாரம் கட்ட வேண்டாம். சாரம் வேண்டாம் என்றால், ஒரு வீட்டுக்காரர் தன் ஜன்னலை நகர்த்த மற்ற வீட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்று பொருள். நகாகின்னில் முடியாமல் போனது இங்கே முடிகிறது. பொதுக் குழாய்கள் நடைபாதைகளின் கீழே ஓடுகின்றன; பழுது பார்ப்பவர் யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம். வீட்டுக்குள் கான்கிரீட் தளத்துக்கு மேல் சிறிது உயரம் விட்டு இரண்டாவது தரை போட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் குழாய்கள் போகின்றன.

இந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வீடு எவ்வளவு மாறும் என்பதைப் பெரும்பாலும் கழிவறைதான் முடிவு செய்கிறது. படுக்கையறையை எங்கும் நகர்த்தலாம். கழிவுநீர் சரிவில்தான் ஓடும். 50-க்கு 1 என்ற சரிவு வைத்தால், கீழே இறங்கும் பெரிய குழாயிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் கழிவறை வைக்க 10 செ.மீ. இறக்கம் தேவை, குழாயின் பருமன் இன்னொரு 10 செ.மீ. ஆக, தரைக்கு அடியில் குறைந்தது 20 செ.மீ. வெற்றிடம் இருந்தால்தான் கழிவறை அந்த 5 மீட்டரும் நகரும். இடமே விடாமல் கட்டினால் கழிவறை கட்டிய இடத்திலேயே ஆயுளுக்கும் நிற்கும், அதைச் சுற்றியுள்ள எல்லாமும் அதற்கு அடங்கி நடக்கும். அதனால்தான் நெக்ஸ்ட் 21-இல் மாடிகளுக்கு இடையே உயரம் வழக்கத்தைவிட அதிகம். அந்தக் கூடுதல் உயரம் கட்டும்போது செலவுதான். பிற்காலத்தில் வரப்போகும் மாற்றங்களுக்கெல்லாம் முன்கூட்டியே கொடுத்துவைத்த பணம் அது.

சோதனையாக நான்காம் மாடியில் ஒரு வீட்டின் அமைப்பையும் வெளிச்சுவரையும் மாற்றிப் பார்த்தார்கள். கழற்றிய வெளிச்சுவர் உறுப்புகளில் பெரும்பகுதி மறுபடியும் அதே வீட்டில் பயன்பட்டது. பக்கத்து வீடுகளில் குடியிருப்பு தொடர்ந்தது.

சட்டகத்தை உடைக்காமல் வீட்டை மாற்ற முடிந்தது ஏன் முக்கியம் என்பதை அறியச் சிமெண்ட் சூளைக்குப் போக வேண்டும். சிமெண்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எரிபொருளின் புகை இதில் சேரவில்லை. இது கல்லுக்குள்ளிருந்தே வருவது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழு, எட்டு சதவீதம் சிமெண்டினால் வருகிறது. கான்கிரீட் குடியிருப்பில் இந்தச் சுமையின் பெரும்பகுதி சட்டகத்தில்தான் இருக்கிறது. அதை 30 ஆண்டில் இடிப்பதும் 120 ஆண்டு வைத்திருப்பதும் ஒன்றாகுமா? ஒரே சட்டகம் நான்கு தலைமுறைக்கு உழைத்தால், சூளையில் வெளியேறிய வாயு நான்கு தலைமுறைக்குப் பங்காகிறது.

30 ஆண்டு என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஜப்பானில் இடிக்கப்படும் வீடுகளின் சராசரி வயது சுமார் 30 என்று அந்நாட்டு அரசே கணக்குச் சொன்னது. அமெரிக்காவில் அது 55, பிரிட்டனில் 77. இந்தக் கவலையிலிருந்து 2009-இல் நீண்ட ஆயுள் வீடுகளுக்கான சட்டம் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சான்றிதழ் பெற விரும்பும் அடுக்குமாடியில், சட்டகத்தை உடைக்காமல் குழாய்களைப் பராமரிக்க முடிய வேண்டும். தளத்துக்கும் தளத்துக்கும் இடையே குறைந்தது 265 செ.மீ. வெற்று உயரம் இருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றால் வரிச் சலுகை. கட்டடக் கலைஞர்களின் பேச்சாகத் தொடங்கிய ஒன்று, அளந்து பார்க்கக்கூடிய எண்ணாகச் சட்டத்தில் ஏறியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நெக்ஸ்ட் 21-ஐ முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அங்கே உரிமையாளர் ஒருவர்தான், அதுவும் பணமும் பொறியாளர்களும் உள்ள ஒரு நிறுவனம். நகாகின்னைச் சாய்த்த உரிமைச் சிக்கல் அங்கே எழவே இல்லை. பல உரிமையாளர்கள் உள்ள சாதாரணக் குடியிருப்பில் சட்டகம் யாருடையது, அதன் பராமரிப்புக்கு யார் எவ்வளவு தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. உள்சுவர்களை அடிக்கடி மாற்றிக் குப்பையில் போட்டுக்கொண்டே இருந்தால், சட்டகத்தில் மிச்சப்படுத்திய கார்பன் அந்த வழியில் கரைந்துவிடும். கழற்றியது மறுபடியும் பொருந்தினால்தான் கணக்கு நேராகும். பசையும் சாந்தும் பூசி ஒட்டிய உறுப்பை முழுசாகக் கழற்ற முடியாது; திருகாணியும் போல்ட்டும் போட்டதை முடியும்.

நம் ஊரில் எந்தத் திசையில் போகிறோம்? சென்னையில் உயரும் பல அடுக்குமாடிகளில், அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாக ஊற்றிவிடும் முறை பரவியிருக்கிறது. தொழிலில் இதை 'மைவான்' என்கிறார்கள். வேகமானது, வலுவானது, பூச்சு வேலை குறைவு. ஆனால் அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவர்கூடக் கம்பி போட்ட கான்கிரீட். கட்டடத்தின் எடையைத் தாங்குவது அதுவே. அந்தச் சுவரை யாரும் என்றைக்கும் எடுக்க முடியாது. இரண்டு சின்ன அறைகளை ஒன்றாக்க விரும்பும் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். குளியலறைகளில் 'சங்கன் ஸ்லாப்' என்று தளத்தைப் பள்ளமாக இறக்கி, குழாயை உள்ளே போட்டு, மேலே நிரப்பி மூடுகிறோம். கசிந்தால் உடைக்க வேண்டும், நனைவதோ கீழ்வீட்டுக் கூரை. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடக்கும் எத்தனையோ சண்டைகளின் வேர் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் முறையும் இங்கே வந்துவிட்டது. மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில், சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் உறுப்புகளை இணைத்துக் கட்டப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்டன. வேகத்துக்கும் தரத்துக்கும் பாராட்டு உரியது. ஆனால் இத்தகைய திட்டங்களை மதிப்பிடும்போது எத்தனை மாதத்தில் கட்டினார்கள் என்பதையே எல்லோரும் எழுதுகிறார்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரு பிளம்பர் எதையும் உடைக்காமல் குழாயை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கும் அரசு டெண்டரில் மதிப்பெண் இருக்க வேண்டும். ஏழைகளுக்குக் கட்டும் வீடுகளில் இது இன்னும் அவசியம். பிடிக்காத வீட்டை விற்றுவிட்டு வேறு வீடு வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

நீங்கள் வீடு வாங்கப் போகிறவராக இருந்தால், மாதிரி வீட்டின் சோபாவையும் விளக்கையும் பார்ப்பதற்கு முன்பு சட்டக வரைபடத்தைக் கேளுங்கள். எந்தச் சுவர் எடை தாங்குகிறது, எதை எடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டுக் குழாய் பழுதானால் உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே சரிசெய்ய முடியுமா, கீழ்வீட்டார் தயவு வேண்டுமா என்று கேளுங்கள். குழாய்கள் இறங்கும் டக்ட்டின் கதவைத் திறந்து, உள்ளே ஓர் ஆள் நின்று ஸ்பேனரைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கேட்பவர்கள் பெருகினால் கட்டுபவர்கள் வரைபடத்தை மாற்றுவார்கள்.